சாக்ஸ் பாதத்தைவிடச் சின்னதாக இருக்கணும்

ஸ்வெட்டரும் மப்ளரும் பின்னிக் கை தேர்ந்தவர்கள்கூட முதல் சாக்ஸில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாதத்தை அளந்து, அந்த அளவுக்கே பின்னிவிடுவார்கள். கையில் எடுத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஷூவுக்குள் போட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் சாக்ஸ் கீழே இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் சுருண்டுவிடும். பின்னல் துணி கொஞ்சம் இழுபட்ட நிலையில்தான் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுற்றளவில் 10 சதவீதம் போல, நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் போல, சாக்ஸ் பாதத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நூல் வாங்குவதில் தொடங்கி நுனி மூடுவது வரைக்கும் இந்தக் கணக்கு கூடவே வரும்.

முதலில் நூல். சாக்ஸுக்கு என்று விற்கும் மெல்லிய நூல் பெரும்பாலும் 100 கிராமுக்கு 400 முதல் 420 மீட்டர் வரை வரும். லேபிளில் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் (பாலிஅமைடு என்றும் போட்டிருப்பார்கள்) என்று இருந்தால் நல்லது. கம்பளி நீண்டு சுருங்கும், ஈரத்தை வாங்கிக்கொள்ளும். உரசலைத் தாங்குவது நைலானின் வேலை. மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) மட்டுமே உள்ள நூல் கன்னத்தில் வைத்துப் பார்க்க சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பி வாங்கினால் குதிகாலில் சீக்கிரமே தேய்ந்துவிடும். இழையின் முறுக்கையும் பார்க்க வேண்டும். ஒற்றைப் புரி நூல் வேண்டாம். மூன்று, நான்கு புரிகளை இறுக்கமாக முறுக்கிய நூல்தான் சாக்ஸுக்குச் சரி. ஓர் இழையை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். புரிகள் லேசாகப் பிரிந்து பஞ்சு கிளம்பினால் அது சால்வைக்கான நூல்.

சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கும் கம்பளியில் இழையின் மேலுள்ள நுண்செதில்களை ரசாயனத்தால் மட்டுப்படுத்தியிருப்பார்கள், அல்லது மேலே பூச்சுக் கொடுத்திருப்பார்கள். எந்திரத்தில் துவைத்தாலும் அது சுருங்கிக் கெட்டியாகிவிடாது. ஆனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும் குறைவதால், தண்ணீர் பட்டதும் துணி நீளும். துவைக்காத துண்டை அளந்து போட்ட கணக்கு சூப்பர்வாஷில் ஏமாற்றும். பருத்தி நூலுக்கு வேறு பிரச்சினை, அதற்கு மீள்தன்மை ரொம்பக் குறைவு. பருத்தியில்தான் வேண்டுமென்றால் எலாஸ்டேன் (இழுத்தால் நீண்டு மீளும் இழை) கலந்ததை வாங்குங்கள்.

ஒரு ஜோடிக்கு 100 கிராம் என்பது பாதுகாப்பான கணக்கு. நடுத்தர அளவுப் பாதத்துக்கு 65 முதல் 75 கிராம் வரை போகும். பெரிய பாதமோ, உயரமான கால்பகுதியோ (கணுக்காலுக்கு மேலே வரும் பகுதி) என்றால் மிச்சமும் போய்விடும். தொடங்கும்போதே நூலைத் தராசில் வைத்து 50 கிராம் வீதம் இரண்டாகச் சுற்றிவிடுங்கள். முதல் சாக்ஸின் கால்பகுதியை எவ்வளவு உயரம் கொண்டுபோகலாம் என்பதை அந்த 50 கிராமே சொல்லிவிடும்.

இனி ஊசி. அதே நூலில் தொப்பி பின்ன 3 மில்லிமீட்டர் ஊசி போதும். சாக்ஸுக்கு 2, 2.25, அதிகம் போனால் 2.5. காரணம் அடர்த்தி. தளர்வான துணியில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையமும், ஷூவுக்குள் நகர்ந்து உரசிக்கொண்டே இருக்கும். நெருக்கமான துணியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பின்னிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே இழுக்காமல் பிடித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு இடையே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஊசியில் ஒரு அளவு இறங்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மர ஊசி இறுக்கிப் பின்னுகிறவர்கள் கையில் ஒடியும். உலோக ஊசி ஒடியாது, ஆனால் வழுக்கும். முதல் ஜோடிக்கு மூங்கில், கை பழகிய பிறகு உலோகம் என்பது என் கட்சி.

ஐந்து இருமுனை ஊசிகள், 80 சென்டிமீட்டர் சர்குலர் ஊசியில் (கேபிள் என்ற வளையும் இழையால் இணைந்த இரண்டு முனைகள்) மேஜிக் லூப் (மிச்சக் கேபிளைச் சுருக்காக வெளியே இழுத்துக்கொண்டு பின்னுவது), இரண்டு சர்குலர் ஊசிகள், 23 சென்டிமீட்டர் குட்டி சர்குலர் என்று வழி பல. எது உசத்தி என்று நடக்கும் சண்டைக்கு முடிவே இல்லை, எதில் பின்னினாலும் துணி ஒன்றுதான். எல்லாமே வட்டமாகப் பின்னுவதற்கான வழிகள். 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறை எந்திரம்கூடத் தட்டையாகத்தான் பின்னியது. அதை மடித்துப் பின்பக்கம் தையல் போட வேண்டியிருந்தது. கைப்பின்னல் சாக்ஸில் அந்தத் தையல் கிடையாது.

அடுத்தது கேஜ், அதாவது 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்ற கணக்கு. மாதிரித் துண்டு பின்னாமல் தாண்டிவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். இரண்டு கண்ணி வித்தியாசம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22 சென்டிமீட்டர். பத்து சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 20. உங்கள் கேஜ் 32 என்றால் சென்டிமீட்டருக்கு 3.2 கண்ணி, மொத்தம் 64. நான்கால் வகுபடுகிறது, ரிப்புக்கும் (மேல்விளிம்பில் வரும் வரிவரியான பின்னல்) குதிகாலுக்கும் வசதி. அதே 64 கண்ணியை 30 கேஜில் பின்னினால் சுற்றளவு 21.3 சென்டிமீட்டர், சாக்ஸ் வழியும். 34 கேஜில் 18.8, மாட்டுவதற்கே மல்லுக்கட்ட வேண்டும்.

மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்ன வேண்டும். பலருக்கு பர்ல் (பின்பக்கப் பின்னல்) வரிசை நிட் (முன்பக்கப் பின்னல்) வரிசையைவிடத் தளர்வாக விழும். தட்டையாகப் பின்னிய துண்டில் அந்தத் தளர்வும் கலந்துவிடும். வட்டத்தில் வெறும் நிட் துணிக்குப் பர்லே வராது. நூலை வீணாக்காமல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இருமுனை ஊசியில் 40 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் போடுங்கள். துணியைத் திருப்பாமல் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கமாகத் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட். பின்னால் நூல் தோரணமாகத் தொங்கும், தொங்கட்டும். 8 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் சாக்ஸை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு நடுவில் அளந்துகொள்ளுங்கள்.

கண்ணி ஏற்றும்போது கவனம் குதிகாலின் மேல் இருக்கட்டும். மேல்விளிம்பு கணுக்காலில் உட்காரப் போகிறது என்றாலும், குதிகாலைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேரும். குதிகாலின் பின்முனையிலிருந்து கணுக்கால் முன்மடிப்பு வரை சுற்றி அளந்தால், 22 சென்டிமீட்டர் பாதத்துக்கு 30, 32 என்று வரும். விளிம்பு அந்த அளவுக்கு விரிய வேண்டும். நீள்வால் முறையில் (நீளமாக விட்ட நூல் முனையையும் சேர்த்துக் கண்ணி ஏற்றுவது) ஏற்றுகிறவர்கள் ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றச் சொல்வார்கள். அதில் கண்ணி உயரமாகுமே தவிர, அடியில் ஓடும் இழை நீளாது. விளிம்பை இறுக்குவது அந்த அடியிழைதான். ஏற்றிய ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஊசியின் தடிமன் அளவுக்கு இடம் விட்டு ஏற்றினால் விளிம்பு நன்றாக விரியும். ஜெர்மன் ட்விஸ்டட் முறை இன்னும் மேல். கட்டைவிரல் சுருக்கில் ஒரு திருகல் கூடுவதால் அடியில் அதிகப்படி நூல் சேர்ந்திருக்கும்.

64 கண்ணியை நான்கு ஊசிக்கு 16 வீதம் பிரித்து, திருகல் விழாமல் வட்டமாக இணையுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 16 முதல் 20 சுற்று ரிப். பிறகு வெறும் நிட்டாகவோ, முன்பக்கம் ரிப்பைத் தொடர்ந்தோ 15 சென்டிமீட்டர் உயரம் வரை போகலாம். முன்பக்க ரிப்பைப் பாதம் முழுக்கக் கொண்டுபோனால் பிடிப்பு கூடும். கேபிள் டிசைன் (கண்ணிகளைக் கயிறுபோல் முறுக்கிக் காட்டும் வேலைப்பாடு) துணியை உள்ளே இழுக்கும், அதற்குக் கண்ணி கூட்ட வேண்டும். இரண்டு நிறம் கலந்து பின்னும் டிசைனோ விரிவதைக் குறைக்கும், குதிகாலைத் தாண்டாத சாக்ஸ் பல இந்த வகைதான்.

இந்தப் பகுதியில் வரும் தொல்லை, ஊசி மாறும் இடத்தில் செங்குத்தாக ஏணிபோல் விழும் இடைவெளி. முதல் கண்ணியைப் பலம் கொண்ட மட்டும் இழுப்பதுதான் எல்லாரும் செய்வது, பயன் இருக்காது. முதல் கண்ணி இறுகி நிற்பது இரண்டாவது கண்ணி அதைப் பூட்டிய பிறகுதான். முதல் கண்ணியைச் சாதாரணமாகப் போட்டு, இரண்டாவதில் ஊசியை நுழைத்த பிறகு நூலை இழுங்கள். அப்படியும் விழுந்தால், சுற்றுக்கு இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். ஒரே இடத்தில் தளர்வு சேராது. சுற்றின் தொடக்கத்தில் மட்டும் ஒரு குறிவளையம் மாட்டிக்கொள்ளுங்கள்.

குதிகாலுக்கு வருவோம். பல வகை உண்டு. குறுவரிசைக் குதிகால் (வரிசையை முடிக்காமல் நடுவிலேயே திரும்பித் திரும்பிப் பின்னுவது) சுலபம், கோடு போட்ட நூலில் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் மேற்பாதம் உயரமாக உள்ளவர்களுக்கு அது கணுக்கால் மடிப்பில் இழுத்துப் பிடிக்கும். முதல் ஜோடிக்கு மடலும் (குதிகாலின் பின்புறத்தை மூடும் துண்டு) பக்கக் கண்ணிகளும் உள்ள பழைய குதிகாலே நல்லது. சரியாக வராவிட்டால் திருத்துவதற்கு அதில்தான் இடம் அதிகம்.

64-இல் பாதி, 32 கண்ணியை ஒரே ஊசிக்குக் கொண்டுவாருங்கள். மீதி 32 மேற்பாதத்துக்கு, இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம். மடல் தட்டையாகப் பின்னப்படும். நேர்ப்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டு அடுத்ததை நிட், இதையே கடைசி வரை. மறுபக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் நழுவவிட்டு மீதி எல்லாம் பர்ல். இப்படி 32 வரிசை. நழுவவிட்ட கண்ணி இரண்டு வரிசை உயரத்துக்கு நீண்டு நிற்கும், அதன் பின்னால் நூல் குறுக்கே ஓடும். குதிகால் தடிமனாவது இதனால்தான். ஓரத்தில் 16 சங்கிலிக் கண்ணிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எங்கோ முதல் கண்ணியை நழுவவிட மறந்திருக்கிறீர்கள்.

குதிகாலைத் திருப்புவது பயமுறுத்தும் பகுதி என்று பெயரெடுத்தது. செய்யும் வேலை ஒன்றே ஒன்று, நடுவில் தொடங்கி இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டே ஒரு கிண்ணம் உருவாக்குவது. நேர்ப்பக்கத்தில் 18 நிட். அடுத்த இரண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக நிட் போக்கில் வலது ஊசிக்கு நழுவவிட்டு, இடது ஊசியை அவற்றின் முன்பக்கமாக நுழைத்து ஒன்றாகப் பின்னுங்கள். பிறகு ஒரு நிட், திருப்புங்கள். மறுபக்கத்தில் ஒன்று நழுவல், 5 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், ஒரு பர்ல், திருப்புங்கள். இப்போது இருபுறமும் பின்னாத கண்ணிகள் 11 வீதம் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். இனிமேல் எண்ணத் தேவையில்லை. திரும்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை நழுவவிட்டு, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்புவரை பின்னி, இடைவெளியின் இருபக்கக் கண்ணிகளையும் சேர்த்து, மேலே ஒன்று பின்னித் திரும்ப வேண்டும். கடைசி இரண்டு வரிசைகளில் அந்த மேலே ஒன்றுக்குக் கண்ணி மிச்சமிருக்காது. பதற வேண்டாம், 32 கண்ணி மடலில் அப்படித்தான் வரும். ஊசியில் 18 கண்ணி நின்றால் கிண்ணம் சரி.

நேர்ப்பக்கத்தில் அந்த 18-ஐயும் பின்னிவிட்டு, மடலின் ஓரத்தில் உள்ள 16 சங்கிலிக் கண்ணிகளிலிருந்து 16 புதுக் கண்ணி எடுங்கள். மேற்பாதம் தொடங்கும் மூலையில் இன்னொன்று கூடுதலாக எடுக்க வேண்டும். அந்த மூலையில் துணி இரண்டு திசையில் இழுபடுவதால் எடுக்காவிட்டால் ஓட்டை விழும். எடுத்தாலும் ஓட்டை தெரிந்தால், அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் கண்ணியைத் திருகிப் பின்னுங்கள். மேற்பாதக் கண்ணிகள் 32-ஐப் பின்னி, மறுபக்கமும் மூலைக்கு ஒன்று, ஓரத்துக்கு 16. கூட்டினால் 18, 17, 17, 32: மொத்தம் 84. இதை 64-க்குக் கொண்டுவர ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, மேற்பாதத்தின் இரு ஓரத்திலும் உள்ளங்கால் பக்கமாக ஒவ்வொரு கண்ணி குறைக்க வேண்டும். பத்துக் குறைப்பில் முடிந்துவிடும்.

மேற்பாதம் உயரமானவருக்குப் பின்னுகிறீர்களா? மடலில் 4 வரிசை கூட்டுங்கள். ஓரத்துக்கு 2 கண்ணி கூடும், குறைக்கும் சுற்றும் 2 கூடும். வேறெந்தக் கணக்கும் மாறாது. தட்டைப் பாதத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யலாம். சுற்றளவும் நீளமும் சரியாக வந்தும் சாக்ஸ் எங்கோ பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த மடல் உயரத்தைத்தான்.

பாதப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. உள்ளங்கால் வெறும் நிட்டாகவே இருக்கட்டும். அங்கே டிசைன் போட்டால் நடக்கும்போது உறுத்தும். நீளத்தை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பாதம் 24 சென்டிமீட்டர் என்றால் சாக்ஸ் 23. நுனியில் 64-லிருந்து 32 வரை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, சுற்றுக்கு 4 கண்ணி குறையும். அது 16 சுற்று. அதன்பின் 16 கண்ணி வரும்வரை ஒவ்வொரு சுற்றிலும் குறைத்தால் 4 சுற்று. ஆக 20. பத்து சென்டிமீட்டருக்கு 44 சுற்று வரும் துணியில் இது 4.5 சென்டிமீட்டர். குதிகாலின் பின்முனையிலிருந்து 18.5 வந்ததும் நுனியைத் தொடங்க வேண்டும். தரையில் தட்டையாக வைத்து அளப்பதைவிடக் காலில் மாட்டிப் பார்ப்பது மேல். சுண்டுவிரலின் நுனி மூடும் இடத்தில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாக அமையும்.

மிச்சமுள்ள 16 கண்ணியை முன்ஊசிக்கு 8, பின்ஊசிக்கு 8 என்று பிரித்து, கிச்னர் தையலால் (இரண்டு ஊசிகளின் கண்ணிகளை, கோடு தெரியாமல் நூலால் கோத்து இணைப்பது) மூட வேண்டும். 30 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டி, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் முன்ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போக்கிலும், பின்ஊசியின் முதல் கண்ணியில் நிட் போக்கிலும் நூலை ஓட்டி, இரண்டையும் ஊசியிலேயே விட வேண்டும். பிறகு முன்ஊசியில் நிட் போக்கில் ஒன்றை ஓட்டிக் கழற்றி, அடுத்ததில் பர்ல் போக்கில் ஓட்டி விட்டுவிட வேண்டும். பின்ஊசியில் பர்ல் போக்கில் ஓட்டிக் கழற்றி, அடுத்ததில் நிட் போக்கில் ஓட்டி விட வேண்டும். இதையே முடியும்வரை. நூல் எப்போதும் ஊசிகளுக்குக் கீழே போகட்டும். மேலே போனால் இல்லாத கண்ணி ஒன்று முளைக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டு இடம் மறந்துவிட்டால், முன்ஊசியின் முதல் கண்ணிக்குள் ஏற்கெனவே நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் நூல் இரண்டு தடவை போக வேண்டும், இரண்டாவது தடவை போனதும் அது கழலும். பின்னிக்கொண்டே இறுக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு தொடக்க முனையிலிருந்து கண்ணி கண்ணியாகத் தளர்வை இழுத்து, பக்கத்துக் கண்ணி அளவுக்குக் கொண்டுவந்தால் மூடிய கோடே தெரியாது.

நுனியிலிருந்து மேலே பின்னுகிறவர்களுக்கு இந்தத் தையல் வேலையே இல்லை. நூல் தீரும்வரை கால்பகுதியைப் பின்னிக்கொள்ளவும் முடியும். ஆனால் கடைசியில் கண்ணிகளை முடிக்கும் விளிம்பு இறுகிவிடும் தொல்லை அங்கே காத்திருக்கும். விரிந்து கொடுக்கும் முடிப்பு ஒன்றையாவது கற்றுக்கொண்டு இறங்குங்கள்.

முதல் சாக்ஸை முடித்து ஊசியைக் கீழே வைத்தால் இரண்டாவது வருவதே இல்லை என்பது இந்த வட்டாரத்தில் பழைய நகைச்சுவை. 64 கண்ணியில் ஒரு சாக்ஸுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கண்ணிகள், சலிக்கத்தான் செய்யும். முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணி ஏற்றிவிடுவது உத்தமம். கை இறுக்கம் நாளுக்கு நாள் மாறும், மாதக்கணக்கில் விட்டால் ஜோடி ஒத்துப்போகாது. ரிப், கால், பாதம் ஒவ்வொன்றும் எத்தனை சுற்று என்று முதல் சாக்ஸிலேயே எழுதி வையுங்கள். இரண்டாவதை டேப் வைத்து அளக்காமல் சுற்றை எண்ணிப் பின்னினால்தான் இரண்டும் ஒரே நீளத்தில் வரும். தானே கோடு விழும் நூலென்றால், நிற வரிசையில் முதல் சாக்ஸ் எந்த இடத்தில் தொடங்கியதோ அந்த இடம் வரை நூலைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, 30 டிகிரித் தண்ணீரில், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் அலசுங்கள். சூப்பர்வாஷ் இல்லாத கம்பளியென்றால் எந்திரத்தின் பக்கமே போக வேண்டாம். சூடும் அலசலும் சேர்ந்தால் இழைகள் பின்னிப் பிணைந்து, பெரியவர் சாக்ஸ் குழந்தை அளவுக்கு வந்துவிடும், திரும்பவும் விரியாது.

ஓட்டை விழும்வரை காத்திருப்பது வீண் வேலை. துவைத்துக் காய்ந்ததும் கையை உள்ளே விட்டுக் குதிகாலையும் முன்பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கம்பளி தேய்ந்து போய், வலைபோல நைலான் மட்டும் மினுங்கும் இடம்தான் அடுத்து கிழியப் போகிறது. அந்தக் கண்ணிகளின் மேலேயே அதே பாதையில் தையல் ஊசியால் புது நூலை ஓட்டி, சுற்றிலும் இரண்டு கண்ணி நல்ல துணி வரை கொண்டுபோங்கள். கிழிந்த பிறகென்றால் உள்ளே ஓர் உருண்டையான பொருளை வைத்து, நெடுக்கில் இழை ஓட்டி, குறுக்கில் ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்து நெய்ய வேண்டியிருக்கும். நெய்த ஒட்டு நீளாது, ஷூவுக்குள் அதன் ஓரம் தட்டுப்படும். இதற்காகவே ஒவ்வொரு ஜோடியிலும் மிஞ்சும் நூலில் 5 கிராமாவது சுற்றி, எந்தச் சாக்ஸுக்கானது என்று சீட்டு எழுதி எடுத்துவையுங்கள்.